முழங்கையில் வைத்த கை

அந்தக் காலத்தில், புலியும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, கொரியா நாட்டில் ஒரு மலையடிவாரத்தில் ஒக்பூன் என்று ஒருத்தி இருந்தாள். ஊருக்கு முதல் வீடு அவளுடையது. மலையிலிருந்து இறங்கி வந்தாலும் கடற்கரையிலிருந்து ஏறி வந்தாலும் அவள் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். வந்தவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுக்காமல் அவள் அனுப்பியதே இல்லை. வாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மனசு தங்கம்.

நம் ஊரில் காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்போம். அங்கே அந்த வேலையைச் செய்வது கச்சி என்ற பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு இருக்கும். ஒக்பூன் வீட்டுச் சீமைப் பனிச்சை மரத்தில் ஒரு கச்சி குடியிருந்தது. நாலு திசைப் பேச்சும் அதற்குத் தெரியும். யாராவது வந்தால் கத்திச் சொல்லிவிடும். வருவது ஆளா புலியா என்று மட்டும் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

அதுதான் தொல்லை. அந்தக் காலத்துப் புலிகளுக்கு மனித உருவம் எடுக்கத் தெரியும். முகம், தலைமுடி, பேச்சு எல்லாம் மாறிவிடும். ஒரு முன்னங்கால் மட்டும் எவ்வளவு முயன்றாலும் மாறாது, நகத்தோடு அப்படியே நிற்கும். குளிர் நாடு அல்லவா, எல்லோரும் நீளக் கைச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் புலிக்கு ஒளிந்துகொள்ள என்ன கஷ்டம்?

ஓர் இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு விருந்தாளி வந்து, ஒரு கையால் கிண்ணத்தை வாங்கி, கஞ்சி அருமை என்று புகழ்ந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். விடிந்தபோது அவரையும் காணோம், ஒக்பூனின் ஒரே எருதையும் காணோம். தொழுவம் முழுக்கப் புலிக்கால் தடம். கன்றாக இருந்ததிலிருந்து அவள் தன் கையால் ஊட்டி வளர்த்த எருது அது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. "இனிமேல் கையை மறைக்கிறவன் எவனா இருந்தாலும் அடிச்சுப் போட்டுட வேண்டியதுதான். ஒக்பூன், நீ இன்னொரு தடவை புலிக்குக் கஞ்சி ஊத்தினா, உனக்கும் இந்த ஊர்ல இடமில்ல."

குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. பழைய அரிசி தீர்ந்து, புது வாற்கோதுமை இன்னும் பச்சையாக நிற்கும் பஞ்ச காலம். அன்று காலை கச்சி கத்தியது. கடற்கரைப் பக்கமிருந்து ஒருவன் தள்ளாடி வந்தான். பெயர் ஆதன். வெகு தூரத்தில், நம் கொற்கைப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவன். கப்பல் பாறையில் உடைந்து, அவன் மட்டும் கரை சேர்ந்திருந்தான்.

ஒக்பூன் பானையின் அடியில் இருந்ததை வழித்துக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். ஆதன் வலது கையை நீட்டினான். இடது கையைப் பவ்வியமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவள் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது.

தகவல் தெரிந்து ஊரே தடியோடு வந்துவிட்டது. முந்தின நாள் இருட்டியபின் வந்து ஊரில் தங்கியிருந்த ஓர் உப்பு வியாபாரியும் கூட்டத்தோடு வந்தார். எல்லோரையும்விட அவர் குரல்தான் ஓங்கியிருந்தது. "பார்த்தீங்களா, கையை மறைக்கிறான். சந்தேகமே வேண்டாம், புலிதான். அடிங்க."

ஒக்பூனுக்கு எருதின் முகம் ஞாபகம் வந்தது. உடனே அந்தப் பையனின் ஒட்டிய வயிறும் கண்ணில் பட்டது. அவள் தடிகளுக்கு நடுவே புகுந்து நின்றாள். "இடது கையைக் காட்டு தம்பி. காட்டினா கஞ்சி, இல்லேன்னா அடி."

கச்சி மரத்திலிருந்தபடியே அதை அவன் மொழியில் சொன்னது. ஆதன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். கச்சி அதையும் ஒக்பூனுக்குச் சொன்னது.

"எங்க ஊர்ல சோறு போடுறவங்க முன்னாடி இடது கையை நீட்ட மாட்டோம். அது அவங்களை அவமானப்படுத்துற மாதிரி. கப்பல் உடைஞ்சதுலேருந்து எனக்குன்னு பானையை வழிச்சது இந்த அக்கா மட்டும்தான். அடிச்சாலும் சரி, அக்காவுக்கு அந்தக் கையை நீட்ட மாட்டேன்."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவனுக்கு ஒன்பது பறந்துவிட்டது, மரியாதை மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒக்பூனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாகப் போகிற நேரத்திலும் தன்னை மதிக்கிற ஒருவனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அட மடப்பயலே," என்றாள். "நீட்டச் சொன்னது யாரு? காட்டத்தானே சொன்னேன்."

கச்சி அதையும் சொன்னதும் ஆதன் யோசித்தான். பிறகு வலது கையை நீட்டினான். இடது கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்து, வலது முழங்கைக்கு அடியில் வைத்தான். ஐந்து விரலும் ஊருக்கே தெரிந்தன. கஞ்சியை அந்தக் கை தொடவும் இல்லை. பசியில் தளர்ந்திருந்த வலது கைக்கு அது முட்டும் கொடுத்தது. ஒக்பூன் கிண்ணத்தைக் கொடுத்தாள். அவன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தான்.

தடிகள் இறங்கின. அவன் குடித்து முடிக்கும்வரை ஒக்பூன் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தோன்றிவிட்டது. பானையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி இன்னொரு கிண்ணம் நிரப்பினாள். நேராக உப்பு வியாபாரியிடம் போனாள்.

"நீங்களும் நேத்துலேருந்து எங்க விருந்தாளிதான். இந்தாங்க. தம்பி வாங்கின மாதிரியே வாங்கிக்கணும்."

"எனக்குப் பசியில்லம்மா," என்றார் வியாபாரி.

"பசியில்லேன்னு சொல்ல விடுற வீடு இல்ல இது. வாங்கிக்கங்க."

ஊரே அவரைப் பார்த்தது. திருடனே திருடன் திருடன் என்று கத்திய கதை அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வியாபாரி வலது கையை நீட்டினார். இடது கை சட்டைக் கைக்குள்ளேயே இருந்தது. ஒக்பூன் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் அது முழங்கையைத் தேடி மெல்ல வந்தது. துணி பின்னால் நழுவியது. மஞ்சள் ரோமமும் கறுப்பு வரியும், கொக்கி கொக்கியாக நகமும் வெளியே தெரிந்தன.

புலி கிண்ணத்தை உதறிவிட்டு ஒரே தாவலாகத் தாவி மலையைப் பார்த்து ஓடியது. ஊர் தடியோடு துரத்தியது. "கஞ்சி அருமைன்னு அன்னிக்குச் சொன்னது பொய்யா?" என்று ஒக்பூன் வாசலில் நின்று கத்தினாள். அந்த அவமானத்தில் புலி அன்றோடு பேச்சையே விட்டுவிட்டது என்று சொல்லுவார்கள்.

ஆதன் அடுத்த கப்பல் வரும்வரை அங்கேயே இருந்தான். எருது இல்லாத அந்த வசந்தத்தில் ஒக்பூனின் ஏரை அவன்தான் இழுத்தான். அவள் கலப்பையைப் பிடித்துக்கொண்டு, "எருதாவது திட்டினா கேக்கும்" என்று நாள் முழுக்க அவனை வைதுகொண்டே வந்தாள். கப்பல் வந்த அன்று ஒரு மூட்டை வாற்கோதுமையை அவனிடம் நீட்டினாள். அப்போது அவளுடைய இடது கையும் அவளுடைய வலது முழங்கையில் இருந்தது. யாரும் அவளைக் காட்டச் சொல்லவில்லை. ஆதன் வாங்கிக்கொண்டான், அழுதான்.

அன்று முதல்தான் கொரியாவில் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையையும் காட்டுகிறார்கள். ஒரு கை பொருளில் இருந்தால் மறு கை முழங்கையில் இருக்கும். மலையில் புலிகள் தீர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் அந்த நாட்டுக்குப் போகிறவர்கள், கடைக்காரப் பெண் மீதிச் சில்லறையை அப்படித் தரும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாமல் முழங்கையில் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயப்படாதே, என்னிடம் நகம் இல்லை என்று அவள் சொல்கிறாள். என்னிடமும் இல்லை அக்கா என்று நாமும் சொல்ல வேண்டாமா?