ராஜாவோடு பந்தியில் உட்கார்ந்த முயல்கள்

முன்னொரு காலத்திலே பூவாளி நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான்; ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதுதான் சட்டம், திருப்பி எடுக்கவே மாட்டார்.

அவருக்கு முயல் என்றால் உயிர். "நான் உண்பதைத்தான் என் முயல்களும் உண்ணும், நான் படுப்பதில்தான் படுக்கும்" என்று சொல்லிவிட்டார். "ஆகா, என்ன கருணை!" என்று தலையாட்டினார் சபையிலிருந்த மார்த்தாண்டராயர்.

அப்புறம் என்ன? முயலுக்கு அதிரசம், நெய்ச்சோறு, பட்டு மெத்தை! மெத்தையெல்லாம் ஈரமும் புழுக்கையும். அதிலேயே கிடந்து, வயிற்றில் பூச்சி வைத்து, கழிச்சல் கண்டு சுருண்டுவிட்டன, பாவம்.

ராயருக்கு அமைச்சர் நல்லமுத்துவைக் கண்டாலே எரிச்சல். முயல் பார்க்கும் செங்கமலத்தை வேலைக்கு வைத்தவர் அமைச்சர்தானே! "அரசே, அவள் கைராசி சரியில்லை" என்று போட்டுக்கொடுத்தார்.

"பௌர்ணமிக்குள் முயல்கள் துள்ளாவிட்டால் அவள் பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போகட்டும்!" என்றார் ராஜா.

செங்கமலம் அமைச்சரிடம் ஓடினாள். "சாமி, பூண்டும் மாதுளந்தோலும் வேப்பங்கொழுந்தும் ஊரே அறிஞ்ச மருந்துதான். ராஜா சாப்பிடாததை எப்படிக் கொடுப்பேன்?"

"அழாதே தாயி. சட்டத்தை மாற்ற முடியாது. ராஜாவின் இலையை மாற்றலாம்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அமைச்சர் ஒரு கிண்ணத்தை மறைத்தபடி போனார்.

"என்னய்யா அது?"

"வேண்டாம் அரசே. பூண்டு, மாதுளந்தோல், வேப்பங்கொழுந்து அரைத்த துவையல். இனிப்பைத் தொடாமல் இதைத் தின்று, மூங்கில் பரணில் படுக்க நம் உழவர்களால்தான் முடியும். தங்களுக்கு ஆகாது."

"எனக்கா ஆகாது? வையும் இலையில்! பௌர்ணமிவரை எனக்கு இதுதான் சாப்பாடு, மூங்கில் பரண்தான் படுக்கை!"

வாயில் வைத்ததும் கண் கலங்கியது. விட்டுக்கொடுப்பாரா? "அருமை" என்றார்.

"தேவாமிர்தம் அரசே!" என்றார் ராயர், தொட்டுக்கூடப் பார்க்காமல்.

"அப்படியா? ராயருக்கும் தினம் இரண்டு உருண்டை!"

சட்டப்படி அன்றே முயல்களுக்கும் துவையல் போனது. படுக்கையும் பரணாயிற்று, புழுக்கை மூங்கில் இடுக்கு வழியே கீழே விழ, மேலே சுத்தமாய்க் காய்ந்து கிடந்தது. பௌர்ணமியன்று முயல்கள் சபை நடுவே துள்ளின.

ராஜா தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "நல்லமுத்து, மருந்து முயலுக்கா, எனக்கா?"

"முயலுக்குத்தான் அரசே. பந்தியில் தாங்கள் முதலில் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். செங்கமலத்துக்கு வீடும் தோட்டமும் கொடுத்தார். "ராயரே, உமக்கு ஆயுசுக்கும் தேவாமிர்தம்!"

"ஐயோ அரசே, ஒரே கசப்பு!"

"இப்படி உண்மையைப் பட்டு மெத்தை போட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் முயல்கள் சுருண்டிருக்காதே!"

ராயர் தலை குனிந்தார். முயல்களோடு செங்கமலத்தின் பிள்ளைகளும் துள்ளித் திரிந்தார்கள். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே நோய்நொடியில்லாமல் இருக்கட்டும், ஆண்டவனே.