நாவல் மரத்தடிப் பரிசு

மலையடிவாரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டமும் ஒரு குரங்குக் கூட்டமும் ஒன்றுக்கொன்று துணையாக வாழ்ந்தன. சிறுத்தை பதுங்கி வந்தால், மரத்தின் மேலிருக்கும் குரங்குக்குத்தான் முதலில் தெரியும். அது 'கக், கக்' என்று அபாயக் குரல் கொடுக்கும். உடனே மான்கள் மரங்களை விட்டு விலகித் திறந்த புல்வெளிக்கு ஓடிவிடும்.

இதைக் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. தாய்மான்கள் குட்டிகளை வெயிலில் நிற்கவைத்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். குட்டிகள் நின்றபடியே தூங்கும். அல்லி என்ற மானுக்கு ஒரே குட்டி, பெயர் பொட்டு. தூங்குவதில் அதுதான் எல்லோருக்கும் மூத்தது.

சடையன் என்ற குரங்கு இதைப் பார்த்துச் சிரித்தது. இப்படியா பாடம் நடத்துவார்கள் என்று கேட்டுவிட்டு, தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தது. சடையன் அபாயக் குரல் கொடுக்கும். எந்தக் குட்டி ஓடிவந்து முதலில் நாவல் மரத்தைத் தொடுகிறதோ, அதற்குப் பரிசாக மேலிருந்து கனிந்த பழம் விழும்.

விளையாட்டு குட்டிகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பால் குடிப்பதைக்கூட விட்டுவிட்டு ஓடின. வாயெல்லாம் நாவல் கறை. தூங்குமூஞ்சிப் பொட்டுதான் இப்போது எல்லோரையும் முந்தியது. தாய்மான்கள் சடையனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

அல்லிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஓடும்போது பொட்டு சுற்றிலும் பார்ப்பதே இல்லை, அண்ணாந்து கிளையையே பார்க்கும். அல்லி சடையனிடம் போய், பழத்தைப் புல்வெளியில் போட்டுவைக்கச் சொன்னது. குட்டிகள் ஓட வேண்டிய பக்கம் அதுதானே என்றது.

"பழம் மரத்துல இருக்குக்கா. அதைச் சுமந்துக்கிட்டு அவ்வளவு தூரம் யாரு வர்றது?" என்றது சடையன். "பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே படிக்குதுங்க. குரல் கேட்டா ஒண்ணுகூட நின்ன இடத்துல நிக்கிறதில்ல. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அல்லி திரும்பி நடந்தது. ஊரே மெச்சுவதை ஒருத்தி மட்டும் எப்படிக் குறை சொல்வது? பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுக்கவும் அதற்கு மனம் வரவில்லை. பாவம், பிள்ளை மேல் என்ன தப்பு!

ஒரு காலை சிறுத்தை வந்தது. நாவல் மரத்தடிப் புதரிலேயே பதுங்கிக்கொண்டது. மேலிருந்து அதைக் கண்ட சடையன் உயிரே போகிற மாதிரிக் குரல் கொடுத்தது.

பெரிய மான்கள் புல்வெளிக்குப் பாய்ந்தன. குட்டிகள் நாவல் மரத்துக்குப் பாய்ந்தன.

"வராதே பொட்டு! திரும்பிப் போ!" என்று சடையன் கத்தியது.

அந்தக் குட்டிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சடையன் கத்தக் கத்த வேகமாக ஓடித்தான் அதற்குப் பழக்கம். வழக்கம்போல் பொட்டுதான் முதலில் வந்து மரத்தைத் தொட்டது. பழத்துக்காக அண்ணாந்து பார்த்தது.

பின்னால் வந்த குட்டிகள் சிதறித் தப்பின. பொட்டு தப்பவில்லை.

சிறுத்தை போன பிறகு அல்லி வந்து மரத்தடியில் நின்றது. சடையன் இறங்கிவந்து அழுதது. தான் தொண்டை கிழியக் கத்தியும் பொட்டு கேட்கவில்லையே, கேட்டிருந்தால் பிழைத்திருக்குமே என்று புலம்பியது.

"அவன் மேல பழி போடாதே, சடையா" என்றது அல்லி. "நீ சொல்லிக்கொடுத்த பாடத்தை என் பிள்ளையவிட நல்லாப் படிச்சவன் இந்தக் காட்டுல யாரும் இல்ல."

விளையாட்டாகப் பாடம் சொல்ல வருகிறவர்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. பரிசு எந்தப் பக்கம் இருக்கிறதோ, பிள்ளை அந்தப் பக்கம்தான் ஓடக் கற்றுக்கொள்ளும்.