மூன்றாம் வாய் இல்லாத ஓலை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, பொறிவண்டின் முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை. மிளகாய்ப் பழம்போல் வெறும் சிவப்பாக இருந்தது. மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை. கண் தெரியாதவர் படிப்பதற்கு எழுத்தும் இல்லை. இந்த மூன்றும் பன்னிரண்டு நாளைக்குள் உண்டாயின.

ஒரு பெரிய ஆற்றின் இக்கரையில் பவளாயி என்று ஒருத்தி இருந்தாள். பிறந்தது முதல் அவளுக்குக் கண் தெரியாது. மந்தார இலைகளை ஈர்க்குக் குச்சியால் கோத்துச் சாப்பாட்டு இலை தைப்பது அவள் தொழில். ஏழு இலை சேர்ந்தால் ஒரு சாப்பாட்டு இலை. அதற்குப் பதினெட்டுத் தையல். வேறு யார் தைத்தாலும் ரசம் ஒழுகும். அவள் தைத்ததில் ஒழுகாது.

செங்கோடன் என்று ஓர் ஓடக்காரன். மூன்று வருடமாக அவளையும் அவள் இலைக்கட்டையும் அக்கரைச் சந்தைக்கு ஏற்றிப் போனவன். ஓடத்தில் இருவரும் அதிகம் பேசியதில்லை. துடுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு தரம் விழுந்தால் கரை வரும் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருந்தாள். அவள் ஏறிய நாட்களில் அது முந்நூறைத் தாண்டியது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஓடம் அக்கரையில் நின்றுவிட்டது. செங்கோடனும் அங்கேயே தங்கிவிட்டான். அவன் ஓலையில் எழுதி அனுப்புவான். ஆற்றின்மேல் தாழப் பறக்கும் தகைவிலான் குருவி அதைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆனால் இக்கரையில் எழுத்துத் தெரிந்தது மைனாவுக்கு மட்டும்தான். அக்கரைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் நான்கு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

மைனா மெதுவாக வாசிக்காது. புளியமரத்து உச்சிக் கிளையில் ஏறி நின்று, ஊர் கூடும்வரை தொண்டையைச் சரி செய்துகொண்டு, பிறகுதான் வாசிக்கும். ஒரு ஓலையில் செங்கோடன், "ஓடத்தில் நீ உட்காரும் பலகை வெறுமையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரியை மைனா மூன்று நாள் பாட்டாகப் பாடியது. ஒவ்வோர் ஓலையின் முடிவிலும், "இதை வாசித்தவருக்கு இரண்டு கொய்யாப்பழம் கொடுக்கவும்" என்றும் இருக்கும். ஐந்து ஓலைக்குப் பத்துப் பழம் கொடுத்தாயிற்று.

முதல் நாள், ஆறாவது ஓலை வந்தது. மைனா கிளையில் ஏறி வாசித்தது.

"பவளாயிக்கு. வெள்ளம் வடிய இன்னும் இரண்டு மாதம் ஆகும். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள் இங்கிருந்து எட்டுப் பேர் கப்பல் கட்டும் துறைக்கு வண்டியில் போகிறோம். திரும்பி வர ஐந்து வருடம். போவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மைனா வாயால் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் போகவும் மனம் வரவில்லை..." மைனா நிறுத்தியது. "பாருங்க ஜனங்களே! என்னைத் திட்டுறதை நானே வாசிக்க வேண்டியிருக்கு!"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். பவளாயி முகம் சிவந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் மைனாமேல் மட்டும் இல்லை. தனக்கு வந்த ஓலை முதலில் ஊருக்கும் கடைசியில் தனக்கும் போய்ச் சேர்கிறதே என்று இருந்தது.

இரண்டாம் நாள் மண்குளவி வந்தது. நல்ல மனசுக்காரி.

"அம்மணி, எழுத்து மேடா இருந்தா உங்களுக்குத் தெரியுமில்ல? நான் ஈரமண்ணை உருட்டி அதே எழுத்தைப் பார்த்து ஓலைமேல செஞ்சு தர்றேன். எது என்ன எழுத்துன்னு மைனா சொல்லட்டும். கத்துக்கோங்க. அப்புறம் அவர் ஓலையையும் இப்படியே மண்ணில மாத்திடலாம்."

மூன்று நாள் பாடம் நடந்தது. பவளாயியின் விரல் ஒரு எழுத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாமல் சுற்றியது. ‘ண’வில் சுழி மூன்றா, ‘ன’வில் இரண்டா என்று எண்ணி முடிப்பதற்குள் மண் உதிர்ந்தது. ‘ழ’வில் மாட்டிக்கொண்டவள் உச்சிவேளைவரை வெளியே வரவில்லை. நான்காம் நாள் முடிவில் அவள் கற்றது நான்கு எழுத்து.

"மொத்தம் இருநூற்று நாற்பத்தேழு," என்றது ஜன்னலில் உட்கார்ந்திருந்த மைனா. "இந்த வேகத்துல போனா, ஓடக்காரன் பேரப்பிள்ளை எடுத்துட்டு வந்துருவான்."

பவளாயி சிரித்துவிட்டாள். பிறகு குளவியிடம், "கோவிச்சுக்காதே தாயி," என்றாள். "இது கண்ணுக்குன்னு வரைஞ்ச எழுத்து. கண்ணு ஒரே பார்வையில முழுசாப் பார்த்துரும். என் விரலு வரப்பு மேல எறும்பு போற மாதிரியில்ல போகணும்!"

ஐந்தாம் நாள் காலை, இலை தைக்க உட்கார்ந்து கையால் தடவியபோது, ஒரு மந்தார இலையில் சின்னச் சின்ன முண்டுகள் தட்டுப்பட்டன. ஒருமுறைதான் தொட்டாள்.

"பொறிவண்டே, ராத்திரி மண்ணுல மிதிச்சுட்டு இந்த இலைமேல நடந்தியா?"

அவள் வாசல் அவரைக்கொடியில் குடியிருந்த பொறிவண்டு பயந்துபோய் ஆறு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அது கூச்ச சுபாவம் உள்ளது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. ஆறு காலும் என் ஒரு விரல் நுனிக்குள்ளே அடங்கிருச்சே!" அவள் விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "இங்கே மட்டும் அஞ்சுதான் இருக்கு. வலப்பக்கத்து நடுக்காலைத் தூக்கியிருக்கே."

வண்டு திகைத்தது. "ஆமாக்கா. ஒரு அசுவினிப் பூச்சியைப் பிடிச்சிருந்தேன். அந்தக் காலாலதான்."

பவளாயி அந்தத் தடத்தை இன்னொரு தரம் தடவினாள். பிறகு சொன்னாள்: "நீ செஞ்சதை நான் படிச்சுட்டேன்டா வண்டே."

கால்தடத்தால் எழுத்து உண்டாக்கும் வேலை உடனே ஆரம்பமாயிற்று. செய்தி கேட்டு மற்றவையும் வந்தன. மரவட்டை, "கால் வேணும்னா என்கிட்ட வாங்க, எண்ணித் தீராது" என்றது. அதன் தடத்தின்மேல் விரலை வைத்தால் சீப்பைத் தடவியதுபோல் இருந்தது. சிலந்தி எட்டுக் காலை வைத்தது. விரல் நுனிக்கு வெளியே இரண்டு தொங்கியது. சிட்டுக்குருவி நான்கு விரல் பதித்தது. நான்கு புள்ளியை வைத்து எத்தனை விதமாக மாற்றி மாற்றி வைக்கலாம் என்று பவளாயி புளியங்கொட்டைகளை அடுக்கிப் பார்த்தாள். பதினைந்துக்கு மேல் வரவில்லை. ஆறு புள்ளியை அடுக்கினாள். அறுபத்து மூன்று வந்தது. மறுபடியும் அடுக்கினாள். அதே அறுபத்து மூன்று.

"உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒண்ணு. முப்பத்தொண்ணு போதும். இன்னும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கு," என்றாள்.

"உயிர்மெய்?" என்று மைனா மடக்கியது. "இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யை எங்கே வைப்பே?"

"மெய்யை வச்சு, பக்கத்துல உயிரை வச்சா ஆச்சு. உன் வாயில அப்படித்தானே வருது?"

மைனா வாயைத் திறந்து மெதுவாக, "க்... ஆ..." என்று சொல்லிப் பார்த்தது. ‘கா’ என்றே வந்தது.

ஆறு இடத்துக்கும் சேர்த்து ‘கூடு’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கூட்டுக்கு ஒரு எழுத்து. எந்த எழுத்துக்கு எந்தக் கால் என்று ஆறாம் நாள் மாலைக்குள் முப்பத்தொன்றையும் வண்டு மனப்பாடம் செய்துவிட்டது. இனி இதைச் செங்கோடனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

"அவர் மேலேயிருந்து பார்ப்பார். என் கால் முதுகுக்கு அடியில இருக்கு. அவருக்கு எப்படித் தெரியும்?" என்றது வண்டு.

பவளாயி யோசித்தாள். கண்மைச் சிமிழைத் திறந்தாள். கருவேல முள்ளின் நுனியை மையில் தொட்டு, வண்டின் முதுகைத் தடவித் தடவி, ஒவ்வொரு காலுக்கும் நேராக ஒரு புள்ளி வைத்தாள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. வண்டு கூச்சத்தில் நெளிந்ததால் ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் ஓரமாகப் போயிற்று.

ஏழாம் நாள் விடிந்ததும் வண்டு பறந்தது. மிதந்து வந்த கட்டைகளில் ஒன்பது இடத்தில் இளைப்பாறிச் சாயங்காலம் அக்கரை சேர்ந்தது. எட்டாம் நாள் முழுவதும், எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று வண்டு சொல்லச் சொல்ல, செங்கோடன் அதன் முதுகைப் பார்த்துப் படித்தான். எழுதும் முறையும் சொல்லிக்கொடுத்தது. முள்ளின் நுனியை மழுக்கி, பச்சை ஓலையில் அழுத்தினால், ஓலை கிழியாமல் மறுபக்கம் புள்ளி எழும்பும்.

ஒன்பதாம் நாள் தகைவிலான் ஓலையைக் கொண்டுவந்தது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பொறிவண்டும் வந்தது. பவளாயி ஓலையைத் திருப்பி, மேடு எழும்பிய பக்கத்தில் விரலை வைத்தாள். நாற்பத்து மூன்று கூடு இருந்தது. முதல் கூடு அவள் எந்த எழுத்துக்கும் வைக்காதது. இரண்டாவது ‘ஔ’. மூன்றாவதும் இல்லாத எழுத்து. கடைசிவரை தடவிப் பார்த்தாள். இல்லாத எழுத்து பதினாறு. மற்றவை ஒன்றோடொன்று சேரவில்லை.

"குத்திக் குத்தி விளையாடியிருக்கான்," என்றது மைனா. "இன்னும் மூணே நாள்தான் இருக்கு புள்ள. பேசாம பழையபடி எழுதச் சொல்லு. நான் வேணும்னா ஒரே பழத்துக்கு வாசிக்கிறேன்."

பவளாயிக்கு அழுகை வந்தது. வண்டு தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டதா? அவனுக்கு இதில் அக்கறை இல்லையா? அன்று அவள் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் காலை, "கண்ணெழுத்திலேயே எழுதச் சொல்" என்று தகைவிலானிடம் சொல்லி அனுப்ப நினைத்தாள். அது வரும்வரை சும்மா இருக்க முடியாமல் இலை தைக்க உட்கார்ந்தாள். ஆறு இலை சேர்த்தாள். ஏழாவது இலையை இடது ஓரத்தில் வைத்துத் தைத்தாள். அடிப்பக்கத்துக் குச்சியை ஒடிப்பதற்காக இலையைக் குப்புறத் திருப்பினாள். ஏழாவது இலை வலது கைக்கு வந்துவிட்டது.

கை அப்படியே நின்றது.

"வண்டே! அவர் முள்ளால் அழுத்தினது எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்க்கா."

"நான் தொடுறது?"

"முன்பக்கம்." வண்டு தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ, இடதெல்லாம் வலதாப் போயிருக்கும்! நான் நின்னது ஒரு பக்கம், நீங்க தொடுறது இன்னொரு பக்கம்!"

பவளாயி ஓலையை எடுத்தாள். இந்தத் தடவை வலது கோடியில் விரலை வைத்தாள். இடப்பக்கப் புள்ளியை வலப்பக்கமாகவும் வலப்பக்கத்தை இடப்பக்கமாகவும் மனத்துக்குள் மாற்றிக்கொண்டு, கூடு கூடாக நகர்ந்தாள். ப். அ. வ். அ. ள். ஆ. ய். இ.

எட்டுக் கூட்டில் அவள் பெயர் இருந்தது. அதுவரை அவள் பெயரை யாராவது சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.

மீதி முப்பத்தைந்து கூட்டையும் படித்தாள். வாய் அசையவில்லை. பதினெட்டாவது கூட்டில் புருவம் உயர்ந்தது. முப்பதாவதில் சிரிப்பு வந்தது. முடிந்ததும் மறுபடி வலது கோடிக்குப் போய் முதலிலிருந்து படித்தாள். அப்புறம் ஒருமுறை. அன்று மொத்தம் ஏழு முறை.

மைனாவால் தாங்க முடியவில்லை. "என்னதான் எழுதியிருக்கான்?"

"கொய்யாப்பழத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லையே!" என்றாள் பவளாயி.

அவரைக்கொடியே குலுங்கும்படி பொறிவண்டு சிரித்தது. மைனா கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. ஆனாலும் விடவில்லை. "குடு, நானே படிச்சுக்கிறேன். நாலு வருஷம் பள்ளிக்கூடத்துக் கூரையில இருந்தவன் நான்."

"இந்தா, படிச்சுக்கோ" என்று ஓலையை அதன் முன்னால் வைத்துவிட்டாள். மைனா இடது கண்ணால் பார்த்தது, வலது கண்ணால் பார்த்தது. ஓலையும் வெளிர்நிறம், புள்ளியும் வெளிர்நிறம். நிழலை வைத்துப் பிடிக்கலாம் என்று வெயிலில் வைத்துப் பார்த்தது. பொழுது சாயும்வரை இமைக்காமல் பார்த்ததில் இரண்டு கண்ணும் வீங்கிப்போயின. அதன் முனகலைக் கேட்டுப் பவளாயி மனம் பொறுக்காமல் மஞ்சளை இழைத்து வந்தாள். கண்ணைச் சுற்றிப் பற்றுப் போட்டுவிட்டாள். "ஆடாதே, அசங்காதே. அடுத்த வீட்டு ஓலைன்னா அப்படி என்ன ஆசை உனக்கு?" என்று திட்டிக்கொண்டேதான் போட்டாள். மைனாவும் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அவள் பதில் எழுதினாள். இந்தத் தடவை முள்ளை வலமிருந்து இடமாக நகர்த்தினாள், அவன் திருப்பிப் பார்க்கும்போது நேராக வரட்டும் என்று. பதில் இரண்டே கூடு. அவ்வளவுதான்.

"ரெண்டா?" என்றது மைனா, மஞ்சள் பூசிய கண்ணைத் திறந்து. "அவன் நாற்பத்து மூணு அனுப்பியிருக்கான். நீ ரெண்டா?"

"அது போதும்," என்றாள் பவளாயி.

தகைவிலான் ஓலையைக் கவ்விக்கொண்டு போயிற்று. பதினோராம் நாள் மழை. அன்று ஒரு சேதியும் வரவில்லை. அவள் ஒன்பது சாப்பாட்டு இலை தைத்தாள். அதில் மூன்றை ரசம் ஒழுகும் என்று தானே பிரித்துப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் உச்சிவேளைக்குத் தகைவிலான் வெறும் வாயோடு வந்து கூரை விளிம்பில் உட்கார்ந்தது. பவளாயி கையிலிருந்த ஈர்க்குக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"கப்பல் துறைக்கு வண்டி போயிருச்சு," என்றது. "நான் மேலேயே பறந்து பார்த்துட்டுத்தான் வர்றேன். எட்டுப் பேர் உட்கார இடம். ஏழு பேர்தான் இருந்தாங்க."

வெள்ளம் வடிந்தபின் நடந்த கல்யாணத்துக்கு மந்தார இலையில்தான் சாப்பாடு. தொள்ளாயிரத்து நாற்பது இலை. ஒன்றுகூட ஒழுகவில்லை. மைனாவுக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் தனியாக வந்தது. தின்றுகொண்டே அது ஒவ்வொருவர் காலடியிலும் போய், "அந்த ஓலையில என்ன இருந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு மாப்பிள்ளை வெட்கப்பட்டார். பெண் சிரித்தாள்.

அன்று முதல்தான் பொறிவண்டின் முதுகில் புள்ளி ஆறு. மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள். அன்று முதல்தான் ஆறு புள்ளிக் கூட்டை முள்ளால் எழுதுபவர் வலமிருந்து இடமாக எழுதுவதும், விரலால் படிப்பவர் இடமிருந்து வலமாகப் படிப்பதும், நடுவில் மூன்றாம் வாய் ஒன்று இல்லாமல் தமக்குள்ளே சிரித்துக்கொள்வதும்.