மூச்சு விடக் கூடாத மண்டபம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

சொன்னவர் பொய் பேசுகிறவர் இல்லை. தேவசகாயம் என்று பெயர். கட்டடங்களைச் சோதித்துப் பசுமைச் சான்று தருவது அவர் வேலை. வெளிச்சம் எவ்வளவு உள்ளே வருகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து நட்சத்திரம் போடுவார். மூன்று நட்சத்திரமா நான்கா என்று ஒரு வாரம் யோசிக்கிற மனிதர்.

அளவுகளில் அவர் கறார். மனிதர்களை எப்படி அளப்பாரோ, தெரியாது. என்னையே எனக்கு அளக்கத் தெரியவில்லை; அவரை எங்கே சொல்வது?

அவர் சொன்னது இதுதான்.

*

"அக்கா, மறுபடியும் உள்ளே போய் மூச்சு விட்டிருக்காங்க," என்றார் மாசிலாமணி.

அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். வடிவக்காதான் அங்கே குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் மாசிலாமணிக்கு அறுபதுக்கு மேல். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை அக்கா என்பார். அக்கா அவரை அண்ணாச்சி என்பார். இரண்டு பேருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"மூச்சுப் பயிற்சிக் கூட்டம்தான். சன்னலை வேற சாத்திக்கிட்டு."

"பயிற்சின்னா விடத்தானே செய்வாங்க?"

"இழுக்கட்டும். வேண்டாம்னு சொல்லலை. விடுறதை மட்டும் வெளிய வந்து விடலாம்லா?"

அடுப்படியில் சமையல்காரர் நயினாருக்குப் புரையேறியது.

*

மாசிலாமணியை நினைத்துச் சிரிக்க முடியாது.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் ஒழுகுகிற கூரைகளைக் கட்டியிருந்தார். பகலிலும் விளக்குப் போட வேண்டிய தாழ்வாரங்களைக் கட்டியிருந்தார். வரைபடம் மேலிருந்து வரும், இவர் கட்டுவார். அந்த வழியாகப் பேருந்து போனால் மறுபக்கம் பார்த்துக்கொள்வார்.

இந்தத் தியான மண்டபம்தான் அவரே வரைந்து, அவரே கட்டியது. சுடாத மண்கல். இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய ஓடு. பொழுது சாயும் வரை விளக்கு வேண்டாம். கூரையில் விழுகிற ஒரு சொட்டும் வீணாகாது.

கட்டி ஓராண்டு கழித்துப் பசுமைச் சான்றுக்குச் சோதிப்பார்கள். மின்சாரம், தண்ணீர், உள்ளே இருக்கிற காற்று. மூன்றும் எல்லைக்குள் இருந்தால் ஐந்து நட்சத்திரம். ஒன்று தாண்டினாலும் நான்குதான்.

சுவரில் காற்றை அளக்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஆட்கள் மூச்சு விட்டால் அதில் எண் ஏறும். கூட்டம் போன பிறகு மெல்ல இறங்கும். மாசிலாமணியின் முகமும் அதோடு ஏறி இறங்கும்.

வாசல் சுவரில் ஒரு சதுரம் மட்டும் பூசாமல் விட்டிருந்தார். பித்தளைப் பலகைக்கு. ஐந்து நட்சத்திரப் பலகைக்கு.

*

"சோதனைக்கு இன்னும் ஒரே மாசம்க்கா. பூட்டி வச்சிருவோம்."

"பூட்டினா?"

"ஆள் போகாது. ஆள் போகலைன்னா விளக்கு எரியாது, மின்விசிறி ஓடாது, தண்ணி செலவில்லை. காத்தும் மலைக்காத்து மாதிரி நிக்கும்."

"நாம எங்கே உக்காருறது?"

"பழைய தகரக் கொட்டகை இருக்குல்லா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து மண்டபத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"பூட்டிருங்க அண்ணாச்சி."

மாசிலாமணி வாதாடத் தயாராக வந்திருந்தார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

*

மறுநாள் மத்தியானம் பந்தி.

இலை போட்டாயிற்று. நயினார் சோற்று வாளியோடு வந்தார். மாசிலாமணிக்கு வலப்பக்கம் இருந்தவருக்குப் போட்டார். இடப்பக்கம் இருந்தவருக்குப் போட்டார்.

"நயினாரே, எனக்கு?"

"உங்க இலை எவ்வளவு நல்லா இருக்கு சார்! அதுல போய் சோத்தைக் கொட்டச் சொல்லுதீங்களே."

"என்னவே விளையாட்டு?"

"அக்கா இன்னைக்கு இலைக்கு மார்க் போடுதாவ."

அக்கா பந்தியின் முனையிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் பார்க்க வந்த அதிகாரி மாதிரி.

"இது மூணு. சாம்பார் ஓடியிருக்கு. இது ரெண்டு. ஐயையோ, இது என்ன, அப்பளத்தை நொறுக்கி... ஒண்ணு."

மாசிலாமணி இலை முன்னால் நின்றார்.

"அஞ்சு! ஒரு கறை உண்டா? ஒரு பருக்கை உண்டா? எல்லாரும் எந்திரிச்சு வந்து பாருங்க!"

எச்சில் கையோடு எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருவர் நியாயம் கேட்டார். "நானும் சாப்பிடலைன்னா எனக்கும் அஞ்சு உண்டாக்கா?"

"உண்டு. இலையைத் தொடக் கூடாது."

"அப்ப எனக்கு ஒண்ணே போதும்," என்று அவர் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மாசிலாமணி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலையிலிருந்து வத்தக்குழம்பு மணந்தது.

"புரியுதுக்கா," என்றார் கடைசியில்.

"என்ன புரியுது?"

"பசிக்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. நயினார் ஓடிவந்து சோறு போட்டார். மாசிலாமணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவுகிற இடத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆனா அக்கா, ஒரே ஒரு மாசம்தானே. அது வரைக்கும் பூட்டியே இருக்கட்டுமே."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? சாவி உங்ககிட்டதானே இருக்கு," என்றார் அக்கா.

*

அந்த மாதம் தகரத்தின் கீழே தியானம் செய்தவர்களுக்கு ஞானத்துக்கு முன்னால் வேர்க்குரு வந்தது.

யாரும் சாவி கேட்கவில்லை. மாசிலாமணியும் கொட்டகையில்தான் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் மண்டபம் தெரிந்தது. யாரும் இல்லாமல், அவ்வளவு அழகாக.

*

தேவசகாயம் சோதனைக்குப் போன அன்று ஐப்பசி மழை.

மின்கணக்கைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் மின்கணக்கில் கடைசி மாதத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு குறைவா நான் எங்கேயும் பாத்ததில்லையே சார். ஆள் யாரும் வர்றதில்லையா?"

"வருவாங்க. அடுத்த வாரத்திலேருந்து."

ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று விதியில் ஒரு வரி இல்லை. தேவசகாயம் விதிப்படி நடக்கிறவர்.

காற்றுச் சோதனை மட்டும் பாக்கி. மண்டபத்தின் நடுவே முக்காலியில் கருவியை வைத்தார். அரை மணி நேரம் அது ஓட வேண்டும். அவர் வெளியே வந்து, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, கண்ணாடிச் சன்னல் வழியாக எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோதிக்கிறவரின் மூச்சு கணக்கில் சேரக் கூடாது; அதனால் எப்போதும் வெளியேதான் நிற்பாராம். குடை காரில் இருந்தது. மண்டபத்தின் கூரை விளிம்பு வெயிலுக்கு அளந்து போட்டது. சாய்ந்து அடிக்கிற மழைக்கு இல்லை.

அப்போதுதான் காற்று கொட்டகையின் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது.

அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேர் தலையிலும் மழை கொட்டியது. கைக்குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட மண்டபத்தின் பக்கம் வரவில்லை.

மாசிலாமணி கொட்டகையைப் பார்த்தார். சன்னல் வழியாகக் கருவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அக்கா! ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்தினார்.

"நல்ல மழை அண்ணாச்சி!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

மாசிலாமணி மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"சார், சோதனை நடக்குது. திறந்தீங்கன்னா நான் இருக்கிறபடிதான் எழுதணும்," என்றார் தேவசகாயம்.

"எழுதுங்க."

முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்துவிட்டார்.

*

சேற்றுக் காலோடு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். சாரல் அடித்ததால் கதவுகளையும் சன்னல்களையும் சாத்தினார்கள். விளக்கைப் போட்டார்கள். தலை துவட்டினார்கள். நயினார் சுக்குக் காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவர் பாட ஆரம்பிக்க, மற்றவர்கள் வெவ்வேறு சுருதியில் சேர்ந்துகொண்டார்கள்.

எண் ஏறியது.

தேவசகாயம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். ஏறி ஏறி, எல்லையை ஒட்டி வந்து, அங்கேயே நின்று ஊசலாடியது. இன்னும் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். யார் பக்கமும் சாயக் கூடாத வேலை அவருடையது. ஆனாலும் ஜெபம் செய்தாராம். அதைவிட நல்ல மண்டபத்தை அவர் பார்த்ததில்லை.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலணிக்குள் தண்ணீர் நின்றது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. மாசிலாமணி, கையில் துண்டோடு.

"சார், நனையுறீங்க. உள்ள வாங்க."

"கதவைச் சாத்துங்க சார். எண் விளிம்புல நிக்குது. நான் ஒருத்தன் வந்தா தாண்டிரும்."

"தெரியும்."

"நட்சத்திரம் போயிரும்."

"நயினார் காப்பியை ஆத்திட்டு நிக்காரு. வாங்க சார்."

உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்காவாக இருக்கலாம்.

*

தேவசகாயம் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மீதி டீயைக் குடித்துவிட்டு வேறு எதையாவது பேசுவார்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒன்றை, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு மனிதர் அப்படிக் கூப்பிட்டுத் தொலைப்பாரா? நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். துண்டை மட்டும் சன்னல் வழியாகக் கொடுத்திருப்பேன். அதனால்தான் நம்பவில்லை. மாசிலாமணியை வைத்தே இத்தனை வருடம் குழம்பிக்கொண்டிருந்தேன்; வெளியே நனைந்து நின்றவரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

போன வாரம் கதையை மறுபடி சொன்னார். அதே இடத்தில் நிறுத்தினார். டீயை எடுக்கக் கை நீட்டினார்.

நான் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சார், நீங்க உள்ள போனீங்களா?"