கண்ணாடி ஏற்றிய வண்டி

நடந்தது தனக்கேதான் என்றாலும், சென்னியப்பன் இந்தக் கதையை ஒன்பது வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. யாராவது கேட்டால் சொல்வார். சொல்லி முடித்ததும், "அப்படித்தான் நடந்துதுன்னு வெச்சுக்குங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

அது ஒரு கார்த்திகை மாதத்துக் காலை. சங்ககிரியில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் நவமணியின் பட்டறை இருந்தது. அவள் இன்ஜினைப் பிரித்து மூடினால் மறுபடி பிரிக்க வேலை இருக்காது என்பார்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளைவிட மூத்த டிரைவர்களும் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது சென்னியப்பன் மட்டும் அம்மிணி என்பார்.

அன்று அவர் தன் பழைய லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, சாவியை அவள் முன்னால் வைத்தார்.

"வண்டிய யாருக்காச்சும் தள்ளி விட்டுரு அம்மிணி. இனி ஓட்டறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். உங்கிட்ட வேலை கத்துக்கறேன். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறதுல இருந்து ஆரம்பிக்கறேன்."

நவமணி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்ச கைக்கு இப்ப ஸ்பேனர் கேக்குதாக்கும். வீட்ல அண்ணிகூடச் சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் இல்ல."

பிறகு சொன்னார். தொப்பூர் மலை இறங்கிச் சமதளத்துக்கு வந்த இடம். பகல் பதினோரு மணி. தூறல். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தார். கண்ணை மூடியதாக நினைவே இல்லை. விழித்தபோது வண்டி சாலையில் இல்லை. ஒரு பஸ் நிறுத்தத்தின் தூணை முட்டிக்கொண்டு நின்றது. எப்போது பிரேக்கை மிதித்தார் என்றும் தெரியவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பையோடு. நடுவே ஒரு முழம்தான் இருக்கும். அவள் திட்டவில்லை, கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்டியிருந்தாத் தேவலாம்," என்றார்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"சுகர் இல்லையாம், பிரஷர் இல்லையாம். வயசாச்சு, ஓய்வா இருங்கன்னாரு."

"எப்ப இருந்துங்க இப்படி?"

"ஐப்பசியில மழை புடிச்சதுல இருந்து. வண்டி ஏறிக் கொஞ்ச நேரத்துல தலை கனக்குது. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கோவம் வருது. பேரு மறந்து போகுது." அவர் குரல் இறங்கியது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என் பேரே தெரியாமப் போய்ச் சேர்ந்தாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லு அம்மிணி. நான் இன்னும் வண்டி ஓட்ட லாயக்கா, இல்லையா?"

நவமணி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மழைக்குக் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டுத்தான ஓட்டுவீங்க?"

"ஆமா."

"வாட்சுல அரை மணி பாத்துக்குங்க. ஆனதும் கதவைத் தொறக்கோணும். நான் வேண்டாம்னு சொன்னாலும் தொறக்கோணும்."

டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றினாள். இன்ஜின் உறுமியது. அதற்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் சூடானதும் அது அடங்கிவிட்டது. நவமணி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் தன் லாரிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த மாதேஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, மேஸ்திரி தவத்துல உக்காந்துருச்சா?"

"என்னமோ, எனக்கும் புரியல."

"வரம் குடுத்தா எனக்கு ரெண்டு டயர் கேளுங்க. பின்பக்கத்துக்கு."

சென்னியப்பன் வாட்சைப் பார்த்தார். பதினைந்து நிமிடம். இருபது. கண்ணாடிக்குள் நவமணி நெற்றியைத் தேய்த்துக்கொள்வது தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் தலை ஸ்டியரிங்மேல் சாய்ந்தது. அரை மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. அவர் பொறுக்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

"இப்பத்தான உக்காந்தேன், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சீறினாள் நவமணி. அவள் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை.

இறங்கும்போது கால் படியில் நழுவியது. சாக்கடை ஓரத்துக்குப் போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, கிடந்த டயர்மேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"இப்ப நானும் லாயக்கில்லீங்கண்ணா."

சென்னியப்பனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவரும் பக்கத்து டயரில் உட்கார்ந்துவிட்டார்.

"மேனிபோல்டு கிராக் விட்டிருக்குது. அந்த டிக் டிக் அதுதான்," என்றாள். இன்ஜினின் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் அது. "வெளிய போக வேண்டியது உங்க மூக்குக்கு வந்துட்டிருக்குது."

"நாக்பூர்ல அதோட போல்ட்டு மாட்டற காது உடைஞ்சப்பப் பித்தளை வெச்சு ஒட்டினேனே, அந்த இடமா?"

"பிரிச்சாத்தான் தெரியும். நீங்க சேலம் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அவர் மத்தியானம் திரும்பி வந்தபோது பழையதைக் கழற்றிப் போட்டாயிற்று. அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புதியதைப் பொருத்துகையில் அவரிடமே ஸ்பேனரைக் கொடுத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். அவள் அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

"போதுங்கண்ணா. சூடானா அது கொஞ்சம் நீளும். அசைய இடம் விடுங்க."

கேபினுக்குள், டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியைச் சுற்றிக் கிழிந்திருந்த ரப்பரையும் மாற்றினாள். எல்லாம் முடிந்ததும் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"ஸ்பேனர் புடிக்க நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

பத்து நாள் வீட்டிலிருந்துவிட்டு அவர் வண்டி எடுத்தார். ஹூப்ளி போய்த் திரும்பினார். வழியெல்லாம் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சம்பந்தி வீட்டுப் பெயர்கள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள், மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கிருஷ்ணகிரி தாண்டுகையில் தனியாகச் சிரித்தார். தொப்பூரில் இறங்கி, அந்தத் தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மறு வருடம் ஒரு டீக்கடையில் மாதேஸ்வரன் சொன்னான்: "என் வண்டி ராசியில்லாத வண்டின்னு பயந்து கிடந்தேங்கண்ணா. கிளட்சுல ஒரு சாமான் சரியில்ல, மாத்திட்டேன்னு மேஸ்திரி சொல்லுச்சு. ஒண்ணும் மாத்தல. தொடைச்சு மாட்டுனதோட சரி. பின்னாலதான் தெரிஞ்சுது. ஆனா பயம் போயிருச்சு பாருங்க!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சென்னியப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் விரிசலைக் கண்ணால் பார்க்கவில்லை. மேனிபோல்டு மாற்றிய கொஞ்ச நாளில் மழையும் விட்டுவிட்டது. பத்து நாள் ஓய்வு வேறு. நவமணி வாந்தி எடுத்தாள்தான், ஆனால் தொண்டையில் விரல் விட்டால் யாருக்கும் வரும். வண்டி காரணமில்லை என்றால் காரணம் அவர்தான். அவர்தான் என்றால், அது என்றைக்காவது திரும்பி வரும். அப்போது தூணும் இருக்காது, ஒரு முழமும் இருக்காது.

"தலை தெளிஞ்சுதா இல்லையா?" என்பாள் மனைவி ரங்கநாயகி.

"தெளிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு அதைப் போட்டுக் குடைஞ்சுட்டே இருக்கறீங்க?"

ஒவ்வொரு ஐப்பசியிலும், மழைக்குக் கண்ணாடியை ஏற்றும்போது அவர் கை ஒரு நொடி நிற்கும்.

ஒன்பதாவது ஐப்பசியில், கேட்டே விடுவது என்று பட்டறைக்குப் போனார். நல்ல மழை. நவமணி ஒரு கியர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கேள்வியை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அது அவளைப் பொய்க்காரி என்பது போலவே இருந்தது.

வாசலில் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றுக்குத் தூக்காமலிருக்க, அதன் ஓரத்தில் பழைய இரும்புச் சாமான்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவர் முகத்துக்கு நேராகத் தொங்கிய ஒன்றில் மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்வழியாகப் போனது போக, அதன் வயிற்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அவர் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் காதில் ஒட்டியிருந்த பித்தளை கண்ணில் பட்டது.

எழுந்து போய்க் கையால் துடைத்தார். பித்தளைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, சுண்டுவிரல் நீளத்துக்கு, தலைமுடி போல ஒரு கோடு. துடைக்கத் துடைக்க அதில் தண்ணீர் அரும்பியது.

"அம்மிணி, இது..."

"உங்களுதுதானுங்க. நல்ல கனம். தார்ப்பாய் அசையாது."

"ஒன்பது வருசமா இங்கயா தொங்குது?"

"அதுக்குக் கீழதான வந்து வந்து உக்காருவீங்க."

"இதை அன்னைக்கே எனக்கு ஏன் காட்டல?"

நவமணி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் சாவியை வெச்சப்ப நீங்க வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்களேண்ணா. உங்களைப் பத்தித்தான கேட்டீங்க."

சென்னியப்பன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கேட்க வந்த கேள்வியால் இனி உபயோகமில்லை. விரலில் ஒட்டியிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார். மழை கொஞ்சம் குறைந்தது. பிறகு, ஒன்பது வருடங்களில் ஒருமுறைகூடத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்.

"அன்னைக்கு உனக்குத் தலைவலி எப்ப விட்டுச்சு, அம்மிணி?"