நாற்பது காவிக் கைகள்

ராஜா இல்லாத கதையா என்று கேட்காதீர்கள். இதிலும் ராஜா உண்டு. ஆனால் அவர் சாவகாசமாகக் கடைசியில்தான் வருவார். முதலில் வருபவள் ஒரு வளையல்காரி.

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஆழிமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே வருஷம் ஒரு முறை தேர்த் திருவிழா. அந்தப் பத்து நாளும் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். எந்த வீடு நல்ல வீடு என்று வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. குறையில்லாமல் தங்கியவர்கள், கிளம்பும்போது கையைக் காவியில் தோய்த்து வாசல் சுவரில் பதித்துவிட்டுப் போவார்கள். கை அதிகமாக இருந்தால் நல்ல வீடு என்று நம்பினார்கள்.

வளையல்காரி நாச்சியம்மாள், பத்து வயது மகள் கோமளத்தோடு அந்தத் திருவிழாவுக்கு வந்தாள். மாசிலாமணி என்பவனுடைய வீட்டுச் சுவரில் நாற்பது கைகள் இருந்தன. "நாப்பது பேருமா பொய் சொல்லியிருப்பாங்க?" என்று உள்ளே மூட்டையை இறக்கினாள்.

முதல் நாள் கடைவீதிக்குப் போய்த் திரும்பினால், பூட்டின வீட்டுக்குள் துணி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் கோமளத்தின் கொலுசைக் காணோம். எலி இழுத்திருக்கும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். காற்று முடிச்சை அவிழ்க்குமா, எலிதான் கொலுசு போட்டுக்கொண்டு ஆடப் போகிறதா? பாவம், நாற்பது கையை நம்பியவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கோமளத்துக்குத் தலைவலி. கொல்லைக் கதவைத் தாழ் போட்டு, மகளைப் படுக்க வைத்து, வாசலைப் பூட்டிக்கொண்டு நாச்சியம்மாள் கடைக்குப் போனாள். மத்தியானம் பிள்ளை கண் விழித்தால், கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் தானாக நகர்கிறது! கதவில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்பி நீண்டு அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. "அம்மா!" என்று அவள் வீறிட்ட வீறலில் கம்பி வெளியே ஓடிவிட்டது.

திரும்பி வந்த தாய் மகளை அள்ளி அணைத்துக்கொண்டாள். கதவைத் தடவிப் பார்த்தாள். ஓட்டையின் ஓரத்தில் அதை அடைத்திருந்த மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

மாசிலாமணியிடம் போனாள். "மரம் பழசும்மா. பூச்சி அரிச்சிருக்கும்" என்றான் அவன்.

நாட்டாமையிடம் போனாள். "நாப்பது பேர் கை வச்சிட்டுப் போன வீட்டுல உனக்கு மட்டும் குறையா? வேற வீடு பாத்துத் தரேன், போ" என்றார் அவர்.

"எனக்கு வேற வீடு கிடைக்கும்யா. அடுத்து அங்க வந்து படுக்கிற பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

நாட்டாமை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேரே போய் அந்தச் சுவர் முன்னால் நின்றாள். 'உங்களை நம்பித்தானே வந்தேன்!' என்று நாற்பது பேர் மீதும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒவ்வொரு கையாக முறைத்துப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பெண்களின் கையைப் பிடித்து வளையல் போட்டவள் அவள். ஒருத்தி கை போல் இன்னொருத்தி கை இருந்து பார்த்ததே இல்லை. இங்கேயோ நாற்பதும் ஒரே அகலம், நாற்பதும் வலது கை, நாற்பதிலும் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது.

"அடப்பாவி! நாப்பது பேரும் நீ ஒருத்தன்தானா?" என்றாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் சத்திரத்தில் தங்கினார்கள். தேரோட்டத்தன்று வடம் பிடித்துக் கொடுக்க ராஜா வந்தார். நாச்சியம்மாள் தேருக்கு முன்னால் போய் நின்றாள். காவலர்கள் விலக்கினார்கள், திரும்ப வந்து நின்றாள். மறுபடி விலக்கினார்கள், மறுபடி வந்தாள். மூன்றாம் முறை இழுத்தே போனார்கள். திமிறிக்கொண்டு வந்து வடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா வேண்டும் உனக்கு?" என்றார் ராஜா.

"ஒரு சுவரைப் பாக்கணும் மகாராஜா. எனக்கு எழுத்துத் தெரியாது, கை தெரியும்."

ராஜா வந்து பார்த்தார். மாசிலாமணியைக் கூட்டி வந்து கையை நீட்டச் சொன்னார். முதலில் இடது கையை நீட்டினான். அதட்டியதும் வலது கையை மூடியபடி நீட்டினான். மூன்றாவதாகக் காவலர்களே விரலைப் பிரித்து, காவியில் தோய்த்து, சுவரில் அழுத்தினார்கள். நாற்பத்தொன்றாவது கையும் அதே கைதான்! அவன் தங்கியிருந்த இடத்தைச் சோதித்தபோது கொலுசும் கிடைத்தது.

மாசிலாமணி சிறைக்குப் போனான். சுவரைச் சுரண்டச் சொன்னார் ராஜா. "இனி எல்லா வீட்டுக்கும் கோயில் மதில்தான் சுவர், வீட்டுக்கு ஒரு கட்டம். நாலு பேர் பார்க்கத் தங்கினவர்களே கை பதிக்கட்டும். நல்லதுக்குக் காவிக் கை, குறைக்குக் கரிக் கை. கரிக் கை விழுந்த வீட்டை அன்றைக்கே போய்ப் பார்ப்பது நாட்டாமையின் வேலை" என்றார்.

நாட்டாமையே கரிச் சட்டியை ஏந்தி வந்து நின்றார். நாச்சியம்மாள் அதில் தன் கையைத் தோய்க்கவில்லை. மகளைத்தான் முன்னால் அனுப்பினாள். கோமளம் தன் சின்னக் கையைத் தோய்த்து, மதிலில் பலமாக அழுத்தினாள்.

நாற்பது பேர் நல்லது சொன்னாலும், பயந்து வந்து நிற்கும் ஒருவரின் குறையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.