கலியபெருமாளின் இரும்புத் தண்டு

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போது கிடையாது. முதலில் ஒரு தாலி தொலைய வேண்டும். ஒரு வெல்டர் வீம்பு பிடிக்க வேண்டும். அதுவரை பல்லைக் காட்டாமல் இருங்கள்.

காவிரிக் கரையில் தையல்நாயகி அம்மாவின் ஆசிரமம். படித்துறையில் குளிக்க வருகிறவர்கள் தொலைக்கும் மோதிரம், தோடு, கொலுசு எல்லாவற்றையும் தேடிக் கொடுப்பதுதான் அங்கே சீடர்களுக்கு முதல் பாடம். ஜபமெல்லாம் அப்புறம். அதற்கென்றே ஒரு பக்தர் மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அடியில் வட்டத் தட்டு, மேலே சத்தம் போடும் பெட்டி, இரண்டையும் சேர்க்க ஒரு பிளாஸ்டிக் தண்டு. தட்டின் பக்கத்தில் உலோகம் வந்தால் பெட்டி கத்தும்.

கலியபெருமாள் அங்கே சீடர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். கும்பகோணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அவர் டிடெக்டரைக் கைத்தடி மாதிரி ஊன்றி ஊன்றி நடந்ததில் பிளாஸ்டிக் தண்டு முறிந்துபோனது.

"மூங்கில்ல ஒண்ணு செஞ்சுடுங்க," என்றார் அம்மா.

"மூங்கிலாம்மா? அது வளையுமே."

"வளையட்டும்."

"வளையறது நமக்கு ஆகாதும்மா. இது பட்டறைக்காரன் கை."

"உங்க இஷ்டம்."

இவ்வளவு சுலபமாக அம்மா விட்டுக்கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். அவருக்கு வரவில்லை. நல்ல கனமான இரும்புப் பைப்பாகப் பார்த்து அறுத்தார். தட்டைப் பிடித்துக்கொள்ள அடியில் இரும்புக் கவ்வி வைத்து வெல்டு அடித்தார். தூக்கிப் பார்த்தார். மாட்டு வண்டிக்கு முட்டுக் கொடுக்கலாம்.

"இப்ப முறிங்கடா பாக்கலாம்!" என்று ஆளில்லாத கொட்டகைக்குச் சவால் விட்டார்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். படித்துறையை ஒட்டிய மணல்திட்டில் அகிலா என்கிற புதுப்பெண், தாலியைப் பழைய மஞ்சள் கயிற்றிலிருந்து புதுக் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். சின்னச் சப்பரத் தேர் இழுத்து ஓடிய பிள்ளைகள் அவள் முழங்கையில் இடித்தார்கள். தாலி மணலில் விழுந்தது. அவள் குனிவதற்குள் ஊர்க்கால் எல்லாம் அதன் மேல் நடந்துவிட்டது.

மாமியார் தொண்டையைத் திறந்தார். "எம்புள்ள கட்டுன தாலிடி அது! மூணு மாசம் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. தாலி இல்லாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வருவே?"

அதற்கு மேலே ஒலிபெருக்கி. "பொதுமக்கள் கவனத்திற்கு. அணையில் கூடுதல் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது. மாலைக்குள் மணல்திட்டு மூழ்கிவிடும். மணல்திட்டு. மூழ்கிவிடும்."

அகிலா அழவில்லை. விழுந்த இடத்தைச் சுற்றிப் புடவைகளை விரித்து வேலி போட்டு, நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "கண்டுபிடிக்காம எந்திரிக்க மாட்டேன். தண்ணி வந்தா வரட்டும்."

கலியபெருமாள் இரும்புத் தண்டோடு இறங்கினார். பொத்தானை அழுத்தி, தட்டை மணலுக்கு மேல் அசைத்தார்.

ஙீஈஈஈ!

"கத்துதும்மா!"

"அப்பத் தோண்டுங்க," என்றார் தையல்நாயகி அம்மா.

இடுப்பளவு தோண்டினார். ஒன்றுமில்லை. அவர் வாரிப்போட்ட மணலை அம்மாவும் அகிலாவும் சல்லடையில் அள்ளிச் சலித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. மெஷின் இருக்கும்போது சல்லடை எதற்கு? நம்பிக்கை இல்லையா?

"அதுக்குப் பக்கத்துல கத்துதான்னு பாருங்க," என்றார் அம்மா.

ஙீஈஈஈ!

"இங்கயும் கத்துதும்மா!"

"தோண்டுங்க."

"அந்த மூலையில?" என்று கை காட்டினார் அம்மா.

ஙீஈஈஈ!

ஒரு போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "யோவ், ஆத்தைப் பிளாட்டு போடுறியா? யாரைக் கேட்டுத் தோண்டுறே?"

"மெஷின் சொல்லுது சார், தோண்டுறேன். அதுகிட்டப் பேசிக்குங்க!"

தண்ணீர் திட்டின் விளிம்பை நக்கத் தொடங்கியது. கூட்டம் படியேறிவிட்டது. "போதும்ய்யா, மேல வா!" என்று யாரோ கத்தினார்கள். கலியபெருமாள் மேல்துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டார். "நீங்க போங்க. நான் வரமாட்டேன்." உள்ளங்கை கொப்புளம் உடைந்து மம்மட்டிக் காம்பு வழுக்கியது. வேலிக்குள் இருந்த மணலில் பாதிக்கு மேல் இப்போது வெளியே குவிந்து கிடந்தது.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? இதோ.

"கெடச்சிருச்சு!"

அகிலாதான். அவர் வாரிப்போட்ட ஈர மணல் சல்லடையில் உதிர்ந்து, தாலி மட்டும் மினுங்கியது. அவள் அதைப் புதுக் கயிற்றில் கோர்த்து, படியில் நின்ற மாமியாரைப் பார்த்துக்கொண்டே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

கலியபெருமாள் பெருமூச்சு விட்டு, மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையேறினார். தட்டு ஆகாயத்தைப் பார்த்து நின்றது. பொத்தானில் கை பட்டுவிட்டது.

ஙீஈஈஈ!

"பெரியவரே," என்றாள் படியிலிருந்த பூக்காரி, "மேகத்துலயும் யாரோ தாலியைத் தொலைச்சுட்டாங்க போலிருக்கு."

அவர் நின்றார். தட்டை அண்ணாந்து பார்த்தார். மெல்ல இறக்கி, கவ்வியின் திருகைக் கழற்றி, தட்டை ஒரு கையிலும் பைப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

அமைதி.

பைப்பைத் தட்டின் பக்கத்தில் கொண்டுபோனார்.

ஙீ!

விலக்கினார். அமைதி. கொண்டுபோனார். ஙீ!

"அம்மா... இவ்வளவு நேரமும் இது என் பைப்பைப் பாத்துத்தான் கத்திக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்."

"நேத்து வெல்டு வாசனை வந்தப்பவே தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாமேம்மா! நான் கேட்டிருப்பேன்ல?"

தையல்நாயகி அம்மா சல்லடையைத் தட்டி மணலை உதறினார். திட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னா கேக்கிற ஆளா இருந்தா, இத்தனை மணலையும் தோண்டியிருக்க மாட்டீங்களே."